தேடுவதற்கான உரிமம்

தேர்வு அறை வாசலில் இருந்த பெண் ஒற்றைக் காகிதத்தை வெர்னாவிடம் நீட்டினாள். "பாஸ் பண்ணிட்டீங்க மேடம். கொஞ்சம் சிரிக்கலாம், தப்பில்ல."

வெர்னா சிரித்தாள். சிரிக்கச் சொன்னதால் சிரித்தாள்.

காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஃப்ரெஸ்னோவின் வெயிலில் கார் நிறுத்தும் இடத்துத் தார் இளகிக் கிடந்தது. கடைசி வரிசையில் அவள் கணவர் லீலண்ட், பிக்கப் வண்டியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

அவள் தலையை அசைத்தாள். அவ்வளவுதான்.

லீலண்ட் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

குடியை விட்ட பிறகு அவருக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. வெர்னா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கட்டும் என்று எதிரே நின்ற காரின் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், நம்பர் மனதில் பதிந்துவிட்டது.

ஒரே பையன் டோபின் வீட்டை விட்டுப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. வயது வந்த பிள்ளை தன் இஷ்டத்துக்குப் போனால் நாங்கள் தேட முடியாது என்று போலீஸ் கைவிரித்துவிட்டது. அப்போதுதான் லீலண்ட் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார், நாமே துப்பறிவாளர் ஆகிவிடலாம் என்று.

முறைப்படி அவர்தான் ஆகியிருக்க வேண்டும். சிறைக் காவலராக இருந்தவர். ஆட்கள் மேல் கண் வைத்திருப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் உரிமம் கேட்கிறவர்களின் கைரேகையை அரசாங்கம் துருவிப் பார்க்கும். லீலண்டின் கைரேகையோடு ஒரு பழைய வழக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

அதனால் வெர்னா.

பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவள், ரோசலி கின்டெரோ என்ற துப்பறிவாளரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். உரிமம் உள்ள ஒருவரிடம் மூன்று வருடமாவது வேலை பார்த்திருந்தால்தான் பரீட்சையே எழுத விடுவார்கள்.

நோட்டம் பார்க்க வேண்டிய வீட்டுக்கு எதிரே, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வெந்தாள். இன்ஜின் ஓடினால் சந்தேகம் வரும், ஏசி கிடையாது. தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்குத்தான் குடிப்பாள். முதுகெலும்பு போய்விட்டது என்று நஷ்டஈடு கேட்டவன் கூரை மேல் ஏறி ஓடு மாற்றுவதைப் படம் எடுத்தாள். முதலில் பாவமாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"ஆளு பேரை மாத்துவான், ஊரை மாத்துவான். ஆசையை மட்டும் மாத்த மாட்டான் வெர்னா, அதைப் பிடி" என்பாள் ரோசலி.

லீலண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு ஆகலேன்னா ஃபீனிக்ஸ்ல ஒருத்தன் இருக்கானாம், அவனைப் பிடிக்கலாம்னு இருந்தேன். போலீஸே கைவிட்ட ஆளையெல்லாம் தோண்டி எடுத்துடுவானாம். நல்ல வேளை, நீயே பாஸ் பண்ணிட்ட."

"ஆமா. நல்ல வேளை."

"டோபின் கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்கணும் வெர்னா. அப்புறம் நான் செத்தாலும் சரி." சாவியைத் திருகினார். "எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? நீ சொல்லு. நீதானே இப்ப டிடெக்டிவ்!"

"வடக்கே" என்றாள் வெர்னா. "ஒரேகன் பக்கம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று வருடம் தொழில் பழகியவள் சொல்கிறாள். வண்டி நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பியது.

டோபின் இருப்பது தெற்கே.

போன மார்ச் மாதம், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில், பந்தயப் புறா வளர்ப்பவர்களின் சங்கத்தில் விசாரித்துக்கொண்டே போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள் வெர்னா. அவனேதான் திறந்தான். பின்னால் புறாக் கூண்டுகள்; சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் புறா என்றால் உயிர். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. லீலண்ட் அடித்து உடைத்த தாடை; பழைய வழக்கு அதுதான். எலும்பு கூடியிருந்தது, நேராகக் கூடவில்லை.

அப்பா குடியை விட்டுவிட்டார், அடியோடு மாறிவிட்டார், உன்னை நினைத்து அழுகிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள்.

"மாறியிருக்கலாம்மா. நான் நம்பறேன். ஆனா அவர் என்னைக் கண்டுபிடிச்சுடக் கூடாது."

அவள் வீடு திரும்பினாள். லீலண்டுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அதுவரை புரட்டிக்கூடப் பார்க்காத பரீட்சைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.