நாலு பதினேழு, நாலு ஐம்பத்தாறு

வானத்தில் நட்சத்திரங்களைத் தேடித் தரும் ஒரு மென்பொருளில், எழுத்தாக வரும் நேரத்தைக் கோணமாக மாற்றும் பகுதி ஷாஸியாவின் பொறுப்பு. ராயபுரம் வீட்டிலிருந்தே வேலை.

போனில் டீம் லீடர் வெற்றி சலித்துக்கொண்டான். "இன்னா ஷாஸியா, டெஸ்ட்டுக்கு எப்பவும் இதே ரெண்டு நேரமா? நாலு பதினேழு, நாலு அம்பத்தாறு! இத்த அழிச்சிட்டு வேற போடு."

"சரி, அழிச்சிடறேன்."

ஹார்பர் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த காலித், மனைவி சொன்னதைக் கேட்டு, அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

"இன்னா நேரம் இது?"

"நடுவுல முப்பத்தொம்போது நிமிஷம். அதுக்குள்ள வானம் ஒம்போதே முக்கால் டிகிரி திரும்பிடுது."

காலித்துக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்கள் மகள் பிறந்த நேரமும் இறந்த நேரமும் அவை. அன்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. துணியில் சுற்றித்தான் கையில் கொடுத்தார்கள். மூன்று வருஷமாக அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

"அழிக்காத," என்றான். பிறகு, "பாப்பா கண்ணத் தொறந்துச்சா?"

"தொறந்தா. ஒரே ஒரு தபா."