நாற்பதாவது நிமிடம்

"கேக் பஞ்சு மாதிரி வந்திருக்கும்மா! தொட்டா உள்ள போகுது, விட்டா மேல வருது. உங்க அக்கா கையைக் கண்ணுல ஒத்திக்கணும்!"

ஸ்பீக்கரில் பல் டாக்டரின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. போனைப் பிடித்திருந்த தங்கையோ, பல் பிடுங்கிக்கொண்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரியா நாப்பதாவது நிமிஷத்துல வெளிய எடுத்தீங்களா டாக்டர்?"

"டாண்ணு எடுத்தேன்."

"நாவல்?"

"ஆங்... அதுவா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு. மெதுவாப் படிக்கணும்."

தங்கை போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. ஒன்பதாவது கட்டத்தில் நாற்பது என்று எழுதினாள். மேலே இருந்த எட்டிலும் அதே கதைதான். முப்பத்தொன்பது, நாற்பது, மிஞ்சிப்போனால் நாற்பத்திரண்டு.

இரண்டு வாரமாக வீட்டில் இந்தக் கூத்துதான். தான் போகும் மாலை வகுப்புக்காக என்றாள் தங்கை. ஒரு மர்ம நாவல், அதற்கு ஜோடியாக ஒரு கேக். கதையில் சாகிறவன் கையில் பாதி உரித்த ஆரஞ்சு இருக்கிறதாம். அதனால் அக்காவின் ஆரஞ்சு கேக். அச்சடித்த தாள்களைச் சுருள்கம்பியில் கோத்து, முன்னால் கேக்கின் செய்முறையை ஒட்டி, தெரிந்தவர்கள் பத்துப் பேருக்குக் கொடுத்திருந்தாள்.

செய்முறையின் கடைசி வரிகளை மட்டும் அவளே எழுதினாள். 'கேக்கை ஓவனில் வைத்ததும் நாவலின் முதல் பக்கத்தைத் திறக்கவும். நாற்பது நிமிடத்தில் கேக்கை எடுக்கவும். நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளவும். அலாரம் வைக்க வேண்டாம்.'

"அலாரம் வைக்காதேன்னு எந்த ஊர்ல கேக் பண்ணச் சொல்லித் தருவாங்க?" என்று அக்கா அன்றைக்கே கேட்டாள். நாவலை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். இரண்டாம் பக்கம் படிக்கும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது, மூடிவைத்தவள் அப்புறம் திறக்கவே இல்லை.

"மூஞ்சி ஏண்டி இப்படிப் போகுது? பத்துல ஒன்பது தேறிடுச்சு."

"ஒண்ணுகூடத் தேறலக்கா."

"என்னது?"

"நாளைக்கு அடுத்த பருவத்துக்குப் பேர் குடுக்கணும். நான் குடுக்கப் போறதில்ல. எனக்கு இது வராதுக்கா. ரெண்டு வருஷச் சாயங்காலம் வீணாப் போனதுதான் மிச்சம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இத பாரு. அது எட்டு வருஷமா நான் பார்த்துப் பார்த்துச் சரி பண்ணின கேக். ஒன்பது பேர் தலைமேல தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க. நீ என்னடான்னா எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கே. பொறாமையா?"

"உன் கேக்குல ஒரு குறையும் இல்லக்கா. அழாதே."

"நான் எங்கடி அழறேன்? நீதான் அழறே!"

அழைப்பு மணி அடித்தது. ஒருமுறை அல்ல, விடாமல்.

வாசலில் எதிர் பிளாக் நீச்சல் கோச் நின்றிருந்தார். பட்டியலில் பத்தாவது ஆள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. கையில் ஒரு கேக் தட்டு. அதில் இருந்தது கன்னங்கரேல் என்று கருகிப் புகை நாற்றம் அடித்தது.

"இது கேக்கா, கரியா? நீங்களே சொல்லுங்கம்மா!"

அக்கா தட்டை எட்டிப் பார்த்தாள். "நூத்தியெண்பது டிகிரிலதானே வச்சீங்க?"

"நூத்தியெண்பதுலதான்."

"மாவு, வெண்ணெய்?"

"எல்லாம் அளந்து போட்டேன்."

"பின்ன தூங்கிட்டீங்களா?"

"யாரு, நானா? நொடியில நூத்துல ஒரு பங்கு பிந்தினா, ஏறின பசங்களை மறுபடி தண்ணிக்குள்ள தள்ளற ஆளும்மா நான்!"

தங்கை மெல்ல முன்னால் வந்தாள். "எத்தனை நிமிஷம் சார்?"

"எழுபத்தாறு! வீடு பூராப் புகை. என் வீட்டுக்காரி வந்து முதுகுல ஒண்ணு வச்சப்புறம்தான் தலையத் தூக்கினேன். தட்டு வேற அவங்கம்மா குடுத்தது." தட்டை அக்காவின் கையில் திணித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் முப்பது பக்கம் இருக்கு. அந்தக் கம்பவுண்டர்தானே கொலைகாரன்? வேண்டாம், வேண்டாம், சொல்லிடாதீங்க!"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போனார்.

தங்கை பத்தாவது கட்டத்தில் எழுபத்தாறு என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஓடிவந்து, கரித்தட்டோடு நின்ற அக்காவை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"நாளைக்குப் பேர் குடுத்துடறேன்க்கா!"

"பைத்தியமாடி உனக்கு? அந்த மனுஷன் என் கேக்கைக் கரியாக்கிட்டுப் போறாரு, நீ ஆடறே!"

"நாவல் எப்படின்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான்க்கா சொல்லுவாங்க. அதான் உன் கேக்கைத் துணைக்கு அனுப்பினேன். ஒன்பது பேர் நாப்பதாவது நிமிஷம் புத்தகத்த மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. இவர் ஒருத்தராலதான் கீழ வைக்க முடியல."

"சரி, எவனோ எழுதின கதைக்கு நீ எதுக்குடி இந்தக் குதி குதிக்கிறே?"

"எவனோ இல்லக்கா. நான்."