மாலை போட்ட சிப்பாய்

விழுப்புரத்துச் சிப்பாய் நேர் எதிரே நிற்கிறான். நடுவே பத்தடிகூட இல்லை. சீனுவாசன் ஒரு தட்டுத் தட்டினால் திண்டிவனம் ஜெயித்துவிடும்.

மனுஷன் சுட மாட்டேன் என்கிறார்.

"சாமி, சுடு சாமி! ஆறு வருஷமா அவனுங்ககிட்ட அடி வாங்கிக்கினு கெடக்குறோம்!"

கத்தியது மாரியப்பன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நெட் சென்டர் அவருடையது. ஊர் உலகமெல்லாம் செல்போனில் புதுப்புது ஆட்டம் ஆடிக்கொண்டிருக்க, நாற்பதைத் தாண்டிய இந்த ஆட்கள் மட்டும் பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டாம் உலகப்போரை இன்னும் முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சண்டை. ஐரோப்பாவில் எங்கோ இடிந்து கிடக்கிற ஓர் ஊர்தான் களம். தனி மாவட்டம்தான் கிடைக்கவில்லை, மாவட்டத் தலைநகரை இதிலாவது மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று திண்டிவனத்துக்காரர்களுக்கு ஒரு ஆசை.

அணிக்கு ஐந்து பேர். மற்ற எட்டுப் பேரும் செத்தாயிற்று. இந்தப் பக்கம் சீனுவாசன். அந்தப் பக்கம், விழுப்புரத்தில் வேலை பார்க்கும் அவருடைய சித்தப்பா மகன் பூவரசன். ரவுண்டு முடிய இன்னும் நாற்பது வினாடி.

சீனுவாசன் லேசுப்பட்ட ஆளில்லை. இரண்டு தெரு தள்ளி ஜன்னலில் ஒரு தொப்பி எட்டிப் பார்த்தாலும் விடமாட்டார். ஆனால் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டதிலிருந்து ஒரு குண்டு சுடவில்லை. கம்ப்யூட்டரில் இருந்தாலும் உயிர் உயிர்தானாம். நாற்பது நாளாக மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, அடிபட்டு விழுந்தவனுக்கெல்லாம் கட்டுப் போட்டுத் திரிகிறார். மருந்துப் பைக்காரனுக்கும் ஒரு கைத்துப்பாக்கி உண்டு, அதைச் சீந்துவதில்லை. தான் வெறுங்காலோடு நடக்க, திரையில் தன் சிப்பாய் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது வேறு அவருக்கு உறுத்தல். அதைக் கழற்ற ஏதாவது பட்டன் உண்டா என்று மாரியப்பனிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இது பதினெட்டாவது மாலை. பதினெட்டு என்றால் சும்மாவா? தென்னங்கன்றைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். இறங்கி வந்தால் குருசாமி. வருகிற புதன்கிழமை இருமுடி கட்டு, சனிக்கிழமை ஊர் திரும்பல். அதுவரை சுத்தபத்தமாகக் கழிந்துவிட்டால் போதும்.

அங்கேதான் ஒரு சிக்கல். ஒலக்கூரில் பூவரசனின் அப்பா இரண்டு மாதமாகப் படுத்த படுக்கை. பங்காளி வீட்டுச் சாவு என்றால் தீட்டு, மாலையைக் கழற்றியே ஆக வேண்டும். பதினேழு வருஷம் சேர்த்தது பாழாகிவிடும். 'சனிக்கிழமைவரைக்கும் சித்தப்பாவுக்கு ஆயுசைக் கொடுப்பா' என்று தினமும் விடியற்காலையில் கற்பூரம் காட்டி உருகினார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இருபது செகண்ட்தான் சாமி கீது! பேஜாரு பண்ணாத!"

"மாலையோட கைய வைக்க மாட்டேன் சாமி. அவன் சுட்டா சுட்டுக்கட்டும்."

அவனும் சுடவில்லை.

அடடா, இதென்ன கூத்து! பூவரசன் நகரவில்லை, குனியவில்லை, ஒளியவில்லை. துப்பாக்கி சீனுவாசனின் நெஞ்சுக்கு நேராக நீட்டியது நீட்டியபடி இருந்தது. ஆறு வருஷமாக, அண்ணன் என்றும் பார்க்காமல் நெற்றியிலேயே போடுகிற பயல் அவன்.

சீனுவாசனுக்கு விளங்கிவிட்டது. அண்ணன் கழுத்தில் மாலை இருக்கிறதென்று தம்பி மரியாதை செய்கிறான்! உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணில் நீர் தளும்ப, ஹெட்போன் மாட்டிய தலையோடு திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மாரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்று, இரண்டு, ஒன்று. மணி அடித்தது. யாருக்கும் வெற்றியில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

"பாத்தியா சாமி, எந்தம்பி எப்படிப்பட்டவன்னு?" என்று சீனுவாசன் திரும்பும்போதே, விழுப்புரத்துக்காரர்கள் அடித்து அனுப்பிய வரி கீழே ஓடியது. 'மேட்ச்சைக் கணக்குல எடுத்துக்க வேணாம். பூவரசன் சீட்ல இல்ல. ஏதோ போன் வந்துது, பாதியிலயே எழுந்து ஓடிட்டான்.'

மாரியப்பன் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

மேஜைமேல் சீனுவாசனின் செல்போன் அடித்தது. பூவரசன்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடு சாமி," என்றார் மாரியப்பன், மெதுவாக.

"இரு சாமி. காதுல விழுந்தாத்தானே தீட்டு."

சீனுவாசன் செல்போனைச் சைலண்டில் போட்டு, கறுப்பு வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். அங்கேயும் அது விடாமல் அதிர்ந்தது. நகராத அந்தச் சிப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அடுத்த ரவுண்டு போடு சாமி என்றார்.

கார்த்திகை முதல் தேதி காலையில், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்கார வைக்க, நடுங்குகிற கையால் இந்தப் பதினெட்டாவது மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்ட குருசாமி, அந்த ஒலக்கூர்ச் சித்தப்பாதான்.