நாளைக்கு மாடியிலிருந்து

குர்ஆனின் அடுத்த வசனம் வரவில்லை. அந்திநேர மக்ரிப் தொழுகையில் வீட்டாருக்கு முன்னால் நிற்கிறேன். வாய் திறந்தே இருக்கிறது, காது சுடுகிறது. பின்னால் அப்பா இருமுகிறார்; எடுத்துக்கொடுக்க அவருக்கு மனப்பாடம் இல்லை. வெளியே மினியாபொலிஸ் தெருவில் பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு எங்கள் சுவரைத் தடவிப் போகிறது. நாளை ரமலானின் முதல் இரவு. பள்ளிவாசலில் முதல்முறையாக நான் தொழவைக்க வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஆறு வயதுத் தங்கை ஹோதனின் குரல், நான் விட்ட இடத்தைச் சரியாக எடுத்துக்கொடுக்கிறது. பிடித்துக்கொண்டு ஓதி முடிக்கிறேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் திரும்பிக் கேட்கிறேன்: "உனக்கு யாருடி சொல்லிக்கொடுத்தா?" "நீதான் தினமும் கார்ல கத்துறியே, தூங்கவா விடுற?" அம்மா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைக்கிறாள். ஹோதன் தொழுகை விரிப்பின் குஞ்சத்தைப் பின்னியபடி என்னைப் பார்க்கிறாள். "அண்ணா, நாளைக்கு நான் மேல பொம்பளைங்க மாடியில இருப்பேனே. அங்கேருந்து சொன்னா உனக்குக் கேக்குமா?"