முன்வரிசை றோசா அக்கா

“ஆண்டவருக்குக் குடுத்த காசைத் திருப்பித் தாங்க, பிரதர்.”

கேட்கவே கூடாதது என்று கற்பிட்டிக் கரையில் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டிவிடுகிற ஒன்று உண்டென்றால் அது இதுதான். அஜித்தா அதை ஜெப மண்டப வாசலில் நின்று, உரத்த குரலில் கேட்டாள். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரதர் ஜெயந்தனின் கையிலிருந்த வெண்கட்டி விழுந்தது. வேதப்படி வீட்டுச் செலவை நடத்துவது எப்படி என்று ஞாயிறுதோறும் வகுப்பு வைக்க, போன வருடம் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். பத்தில் ஒன்று முதலில் ஆண்டவருக்கு. பாண், பருப்பெல்லாம் மிச்சத்தில். கரும்பலகையில் ‘கடன் வாங்குகிறவன் அடிமை’ என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தார்.

“மெதுவாக் கதைங்க, தங்கச்சி.”

“மெதுவாக் கதைக்கத் தெரியாது. மைக்கைத் தாங்க, அதிலயே கதைக்கிறன்.”

அவர் அவளை அவசர அவசரமாகப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

அவளுக்கும் அவசரம்தான். அப்பா இன்னாசிப்பிள்ளையின் படகு எஞ்சின் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு அடகில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் அடகுக்காரன் விற்றுவிடுவான். எஞ்சின் இல்லாத படகில் கோழிதான் அடைக்கலாம்.

“கம்பசில படிச்ச பிள்ளை இப்பிடி வந்து கத்தலாமா?”

“எங்கட ஒழுங்கையில முதல்முதல் படிச்சவள் நான்தான். வேலை இல்ல. கத்தத்தான் நேரம் கிடக்கு. அம்மா போட்டது ஒண்டரை லட்சம். எடுங்க.”

“ஒண்டரையா! அதுக்கு என்ன அத்தாட்சி? காணிக்கை போடுற என்வலப்பில ஆருட பேருமே இல்லையே.”

“பேர் எழுதாதீங்க, வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியக்கூடாதெண்டு படிப்பிச்சது ஆரு? இப்ப இடக்கை வந்து றிசீற் கேக்குதா?”

வெளியே கதிரைகள் உரசின. “அப்ப எங்கடதையும் கேக்கலாமோ?” என்று ஒரு பெண்குரல் எழுந்தது. பிரதருக்கு வேர்த்துவிட்டது.

“அம்மாட பேர் என்ன?”

“றோசா.”

“அட, எங்கட றோசா அக்கா!” பிரதரின் முகம் மலர்ந்தது. “முன்வரிசையில இருக்கிறவதானே? போன ஞாயிறும் கண்ணால தண்ணி வடிய வடிய ஜெபிச்சாவே! ஆனா தங்கச்சி, அவ போட்டது ஒண்டரை இல்ல. ஒண்டு இருபத்தஞ்சு. எனக்கு நல்லா நினைவிருக்கு.”

அஜித்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “சரி, ஒண்டு இருபத்தஞ்சு. எண்ணுங்க” என்றாள்.

அவர் அலுமாரியைத் திறந்து, தன் புது வேனுக்கு லீசிங் கட்ட வைத்திருந்த கட்டிலிருந்து எண்ணிக் கொடுத்தார். கை காசை விட்டாலும் வாய்மட்டும் ஊழியத்தை விடவில்லை.

“அக்காவ நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்க. கோவிக்காம வாற ஞாயிறும் வரச் சொல்லுங்க.”

“வந்தா நீங்கதான் முதல்ல காணுவீங்க, பிரதர்.”

அஜித்தா பின்கதவால் இறங்கினாள். எஞ்சினை மீட்டு, நாலு நாள் மீன் பட்டதும் இந்தக் காசைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்றுதான் வரும்போது நினைத்திருந்தாள்.

ஆனால் எட்டு வருடத்துக்கு முன்பே சேமக்காலையில் அடக்கம் செய்த அம்மாவைப் போன ஞாயிறு முன்வரிசையில் கண்ட மனிதருக்கு, காசையும் அம்மாவே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று தீர்மானித்தவளாய், படலையைச் சாத்திவிட்டு நடந்தாள்.