குஸ்கோவில் ஓர் அறை

பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று எங்கே போனாலும் சிந்துஜனுக்கும் சாரங்கிக்கும் சொந்தக்காரர் வீட்டு ஹோலில்தான் படுக்கை. ஹோட்டலில் தங்கினால் உறவே அறுந்துபோகும். அதனால்தான் கலியாணமாகி இரண்டாம் வருடம், ஒரு சொந்தமும் இல்லாத ஊராகத் தேடி, பெரு நாட்டு மலை நகரமான குஸ்கோவைப் பிடித்தார்கள்.

டென்மார்க்கில், ஒடென்சே வீட்டிலிருந்தபடி அவர்கள் குஸ்கோவில் ஹோட்டல் பார்க்கத் தொடங்கியதும் இக்காஸ்ட் நகரிலிருந்து சிந்துஜனின் அம்மா போன் எடுத்தார்.

"மேட்டிலயெல்லோ இருக்கு தம்பி? படி ஏறேலாது."

முதலில் பார்த்த, மேலிருந்து ஊரே தெரியும் அழகான பழைய விடுதியைச் சிந்துஜன் கைவிட்டான். அடுத்ததைச் சொன்னான்.

"லிஃப்ற் இருக்கோ?"

அதுவும் போனது. மூன்றாவதற்கு வந்தான்.

"ஒரு சோறு காய்ச்சக் குசினி? மூச்சு முட்டினா ஒட்சிசன் குடுப்பினமோ?"

"எல்லாம் இருக்கம்மா!"

"மாமி பாவம், எங்களை நினைச்சுத்தான் யோசிக்கிறா" என்றாள் சாரங்கி. அவன் பதிவுசெய்து காசும் கட்டி, அம்மாவுக்குச் சொன்னான்.

"நல்லது ராசா. எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு உங்களைத் தனிய விடேலுமே? அப்பாவும் நானும் ரிக்கற் போட்டிட்டம். உங்கட பக்கத்து அறையை எங்களுக்குச் சொல்லிவிடு. லிஃப்ற் இல்லாட்டி என்ர முழங்காலுக்குச் சரிவராது."