மாப்பிள்ளைக்குப் பிடித்த ஆட்டம்

"மவுஸ் இல்லாம ஆடற ஆட்டமா சொல்லுங்கண்ணான்னு நானும் ஏழு தடவை சொல்லிட்டேன்!" கம்ப்யூட்டர் கடை ஃபிரோஸ் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வீசினான். "இதுல இருக்கறது ரெண்டு ஸ்டிக்கு, ஆளுக்கு ஆறு பட்டன். நீங்க சொல்ற கோட்டை கட்டற ஆட்டத்துக்கு மவுஸும் வேணும், கீபோர்டும் வேணும்."

"ஜவுளிக்கடைக்காரன்கிட்ட வந்து மவுஸு, கீபோர்டுன்னா எனக்கென்னடா தெரியும்?" அலியார் எரிந்து விழுந்தார்.

ஹாலில் ஆளுயரத்துக்கு நின்றது அந்தப் பெட்டி. மேலே டிவி, நடுவில் ஸ்டிக்கும் பட்டனும், உள்ளே ஒரு கம்ப்யூட்டர். மாலில் காசு போட்டு ஆடுகிற மெஷின் போலவே வேண்டுமென்று, பாலக்காட்டு ஆசாரியை ஒரு வாரம் வீட்டிலேயே வேலை செய்ய வைத்துச் செய்தது. அதற்கு இடம் விட்டு மனைவி ரம்லாவின் ஷோகேஸ் சமையலறைக்குப் போய்விட்டது. மூன்று நாளாக அவள் எந்தப் பாத்திரத்தையும் மெதுவாக வைக்கவில்லை.

"நாங்க கேட்டு இந்த ஊட்ல ஒரு மிக்ஸி வர மூணு வருசம் ஆச்சு," என்றாள் உள்ளேயிருந்து. "மாப்பிள்ளைன்னா மட்டும் கடையே வந்து எறங்குது!"

அலியாருக்கா புரியாது? ஆனால் அவர் கஷ்டம் அவருக்கு. இளைய மாப்பிள்ளை ஷஹீர், கல்யாணம் முடிந்து முதல் தடவையாக நாளைக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்து மூன்று நாள் தங்கப்போகிறார். மூத்த மாப்பிள்ளை இப்படித்தான் வந்தார். பிரியாணியைச் சாப்பிட்டார், ரூமுக்குள் போய் போனைத் தடவினார், மறுநாள் காலையிலேயே வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். 'ஒரு நாளுக்கு மேல உங்க ஊட்ல தங்கலையாமே?' என்று சொந்தக்காரர்கள் இன்னும் துக்கம் விசாரிக்கிறார்கள். இவரும் அப்படிக் கிளம்பினால் அலியார் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்ட முடியாது.

"அவருக்கு கேம்னா உசுருங்கத்தா" என்று இளைய மகள் ஜெஸ்னா அப்பாவிடம் போனில் சொன்னதுதான் தாமதம், ஆசாரிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

என்னென்ன ஆட்டம் பிடிக்கும் என்று மாப்பிள்ளையிடமே கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மாமனார் நேராகக் கேட்பதாவது! மாப்பிள்ளைக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எத்தனை தலையணை வேண்டும், எல்லாமே மகள் வழியாகத்தான் இந்த வீட்டுக்கு வந்து சேரும்.

மறுபடியும் ஜெஸ்னாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கார் ரேஸ் போடலாமா?"

"வேண்டாங்கத்தா. ஸ்டியரிங் இல்லாம ஓட்டினா அவருக்குப் பிடிக்காது."

"துப்பாக்கிச் சண்டை?"

"அதுக்கு மவுஸ்லதான் குறி வைக்கணும்."

"ஒரு ஆட்டம் நாப்பது மணி நேரம் கதையா போகுமாம். ஃபிரோஸ் சொல்றான்."

"ஐயோ, மூணு நாள்ல முடியாதுங்கத்தா. பாதியில விட்டுட்டு வந்தா அவருக்குத் தூக்கமே வராது. எழுதிக்குங்க. பழைய குத்துச்சண்டை ஆட்டம் நாலு. ஓடிக் குதிக்கறது மூணு. ஸ்பேஸ்ஷிப் சுடறது ரெண்டு. ஃபுட்பால் ஒண்ணு. மூணு நிமிசத்துல ஒரு ரவுண்டு முடியணும். ஸ்டிக்கு லூஸா இருக்கக் கூடாது. அப்புறம், பெட்டிய அடியில நாலு இஞ்ச் அறுத்து இறக்கச் சொல்லுங்க."

ஃபிரோஸ் தலையில் கை வைத்தான். "அண்ணா, மாப்பிள்ளை ஆறடி ஆளு. கல்யாணத்துல பாத்தேன். இறக்கினா குனிஞ்சு குனிஞ்சே முதுகு போயிருமே!"

"மாப்பிள்ளை சொன்னா சொன்னதுதான். அறுடா!"

அறுத்தார்கள். வீடெங்கும் மரத்தூள். ரம்லா விளக்குமாற்றைக் கொண்டுவந்து புருஷன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜெஸ்னாவோடு மாப்பிள்ளை வந்தார். ஸலாம் சொன்னார், ஜூஸ் குடித்தார், அத்தை கையால் அல்வாவும் சாப்பிட்டார். அலியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டார். பெட்டி முழுக்க லைட் எரிந்தது.

"மாப்ள, எல்லாம் உங்களுக்காகத்தான்!"

ஷஹீர் எழுந்து வந்து பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். குனிந்து, ஒற்றை விரலால் ஒரு பட்டனைத் தொட்டார். 'டமார்' என்று சத்தம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா," என்றார் மரியாதையாக. "இதுல காபி எந்தப் பக்கமா வருதுங்க?"

அலியார் திரும்பி மகளைத் தேடினார்.

ஜெஸ்னா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கணவனை லேசாக நகர்த்திவிட்டுப் பெட்டி முன்னால் நின்றாள். ஸ்டிக் அவள் கைக்குச் சரியாக இருந்தது. ஒரு இஞ்ச் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரையில் முதல் ஆள் சுருண்டு விழுந்தான். இரண்டாவது ஆளும் விழுந்தான்.

"என்னங்க மாப்ள இது?" அலியார் திணறினார். "மூணு நாள் இருப்பீங்கல்ல?"

"இவ இதை விட்டு வந்தாத்தானுங்க மாமா நான் கிளம்ப முடியும்," என்று ஷஹீர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிளஸ் டூ படிக்கறப்ப ஒரு ஜாய்ஸ்டிக் கேட்டேன்," திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஜெஸ்னா சொன்னாள். "'பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி கேமு, எதா இருந்தாலும் கல்யாணம் ஆகட்டும் பாக்கலாம்'னீங்க. ஆயிருச்சுங்கத்தா."